ஊருக்கு இரண்டு வீடு

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. மகள் குரூப் 2 முதல்நிலையில் தேறிவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். ஊர்த்துணி மூட்டையைக் கழுதைமேல் ஏற்றிப் பாலாற்றுக்குப் போவாரே உன் அப்பா, அவர் இருந்திருக்க வேண்டும். எனக்கு முழங்கால் வலி அப்படியேதான்.

எங்கள் வன்னியருக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீடு கொடுத்த சட்டம் வந்தபோது ஏன் ஒரு போன்கூடப் பண்ணவில்லை என்று கேட்டிருக்கிறாய். சந்தோஷத்தில் இருந்தேன், அதுதான் உண்மை. அதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

1987 செப்டம்பர் ஞாபகம் இருக்கிறதா? வன்னியருக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டு, மரங்களை வெட்டிச் சாலையில் போட்டு ஒரு வாரம் மறியல். 21 உயிர் போனது. 1989-ல் பிற்படுத்தப்பட்டோரின் 50 சதவீதத்திலிருந்து 20-ஐப் பிரித்து மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் கொடுத்தார்கள். நீயும் நானும் ஒரே நாளில் தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்று சான்றிதழ் வாங்கினோம். என் வேலை அதில் கிடைத்ததுதான். எங்கள் ஆட்கள் செத்து வாங்கிக் கொடுத்தது என்று உன் முன்னாலேயே எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். நீ ஒன்றும் சொல்ல மாட்டாய். இப்போது நினைத்தால் உறுத்துகிறது.

2021 பிப்ரவரியில் அந்த 20-ல் எங்கள் வன்னியருக்கு மட்டும் 10.5. மற்ற 115 சாதிகளுக்கும் சேர்த்து 9.5. நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அன்றைக்கு நானும் தெருவில் நின்று கத்தினேன். அப்புறம் நிதானமாகப் படித்தேன். உள் ஒதுக்கீடே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. பிரிக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் 1980-களில் பிற்படுத்தப்பட்டோர் நிலையை ஆராய்ந்த அம்பாசங்கர் கமிஷன் எடுத்த பழைய கணக்கை வைத்துப் பிரித்தால் செல்லாது என்றார்கள்.

எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் இன்னும் பெங்களூரில் சித்தாள் வேலைக்குத்தான் போகிறார்கள். அந்த வலியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் உங்கள் வண்ணார் ஆட்கள் ஊருக்கு இரண்டு வீடு, மூன்று வீடு. எங்களால் சாலையை மறிக்க முடிந்தது. உங்களால் எந்தச் சாலையை மறிக்க முடியும்? உங்கள் ஓட்டுக்கு எவன் வந்து நிற்பான்? தலையை எண்ணி மட்டும் பங்கு போட்டால் உங்களுக்கு ஒருநாளும் வராது. அந்த 20-ல் இத்தனை வருஷம் யார் உள்ளே போனார்கள், யார் போகவே இல்லை என்று சாதிவாரியாக எடுத்து வைக்கட்டும். சாதிவாரி முழுக் கணக்கு 1931-க்கு அப்புறம் வரவே இல்லை. வரப்போகிற சென்சஸில் சாதியும் உண்டு என்று 2025-ல் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. எண்ணட்டும். எங்களுக்குக் குறைந்தாலும் சரி, நான் உன் பக்கம் நிற்பேன்.

மெயின்ஸ் தேதி தெரிந்ததும் எழுது. ஓசூரிலிருந்து சென்னைக்குப் போகிற வழிதானே, மகள் ஒருநாள் இங்கே தங்கிப் போகட்டும். என் பெரியவன் படித்த புத்தகங்களைக் கட்டி வைத்திருக்கிறேன்.

உன் பழைய பெஞ்சுக்காரன்