ஸ்டிக்கர் ஓவியங்களுக்கு ஒரு சுவர் ஒதுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓவிய ஆசிரியரும் மாணவர்களும்,
கும்பகோணம்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
கும்பகோணம் மாநகராட்சி.

பொருள்: மாணவர்களின் ஸ்டிக்கர் ஓவியங்களை ஒட்டப் பேருந்து நிலையச் சுற்றுச்சுவரில் இடம் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்,

வணக்கம். இந்நகரில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுத் தருகிறேன். என்னிடம் பயிலும் மாணவர்கள் ஓராண்டாக உள்ளங்கை அளவுத் தாள்களில் நாச்சியார்கோயில் குத்துவிளக்கையும், கொழுந்து வெற்றிலைக் கவுளியையும், மேட்டூர் அணை திறந்தபின் அரசலாற்றில் நுரைத்து வரும் முதல் தண்ணீரையும் வரைந்து ஸ்டிக்கர்களாக்கி வருகின்றனர். ஓவியக் கண்காட்சிக்கு ஒருநாளும் போயிராத ஒருவரும் பேருந்துக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிடத்தில் இவற்றைக் கண்டு மகிழ முடியும். இக்கலையை நான் பெரிதாக மதிப்பது அதற்காகவே.

அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் கலைக்கல்லூரி மாணவராக இருந்த ஷெப்பர்ட் ஃபேரி, 1989-இல் ஒரு மல்யுத்த வீரரின் முகத்தை ஸ்டிக்கராக அச்சிட்டு ஒட்டத் தொடங்கினார். அவர் வரைந்த ஒபாமாவின் உருவப்படத்தை வாஷிங்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகம் 2009-இல் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில், பொதுச் சொத்தில் படம் ஒட்டிய வழக்கில் பாஸ்டன் காவல்துறை அவரைக் கைது செய்தது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதே என் கவலை. சென்ற மாதம் மாணவர் இருவர் ஒரு வழிகாட்டிப் பலகையில் ஒட்டிவிட்டனர். அது தவறு என எடுத்துச் சொல்லி, நானும் உடன் நின்று ஈரத்துணியால் துடைத்து அகற்றினோம். பொது இடங்களின் உருக்குலைப்பைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தை மதித்தே எழுத்து மூலமான அனுமதியை நாடுகிறோம்.

மின்கம்பங்களில் போர்வெல், கடன் விளம்பர ஸ்டிக்கர்கள் அடுக்கடுக்காக ஒட்டப்பட்டிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். எங்கள் ஓவியங்களும் அக்குப்பையோடு சேர்ந்துவிடக் கூடாது. ஆகவே, பேருந்து நிலையச் சுற்றுச்சுவரின் உட்புறத்தில் இருபதடி நீளத்தை மட்டும் ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறோம். வினைல் ஸ்டிக்கரைப் பிய்த்தால் சுண்ணாம்பும் பெயர்ந்து வரும் என்பதால் தாளையும் மைதாப் பசையையும் மட்டுமே பயன்படுத்துவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் ஊறி உரிந்துவிடும். மார்கழியில் எங்கள் செலவிலேயே சுவரைக் கழுவி வெள்ளையடித்து, பொங்கலுக்குப் புதிய ஓவியங்களை ஒட்டுவோம். கோயில் மதில்களிலும் மகாமகக் குளக்கரை மண்டபங்களிலும் ஒன்றைக்கூட ஒட்டமாட்டோம் என உறுதியளிக்கிறோம்.

மாதிரி ஓவியங்கள் பன்னிரண்டை இத்துடன் இணைத்துள்ளோம். தாங்கள் குறிக்கும் நாளில் மாணவர்களுடன் நேரில் வரக் காத்திருக்கிறோம்.

நன்றி.

இடம்: கும்பகோணம்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓவிய ஆசிரியரும் மாணவர்களும்