பழைய பதிவேடுகள்: ஞாயிறு வேலை

அன்புப் பங்கு மக்களே, ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் படம் எடுக்கிறோம். மை அரித்த தாள்கள், ஓரம் தொட்டாலே பொடியாகிறது. செலோடேப், லேமினேஷன், ஃபிளாஷ் எதுவும் வேண்டாம். குறிப்பெடுக்க பென்சில் மட்டும். அந்துருண்டையும் வேண்டாம், அது பாட்டியின் பட்டுப்புடவைக்கு!

குடும்ப வேர் தேடுகிறவர்கள் கவனிக்க: பெங்களூரு தனி மறைமாவட்டமானது 1940இல்தான். அதற்கு முன் நாம் மைசூர் மறைமாவட்டம். அதனால் அந்தக் கால ஆயர் கடிதங்களை மைசூரிலும் தேட வேண்டியிருக்கும். பிரெஞ்சு சாமியார்கள் எழுதியவை பாரிஸிலும் இருக்கலாம்.

பதிவேடு லத்தீனில் இருந்தால் பயப்பட வேண்டாம். பெயர், தேதி, பெற்றோர், ஞானப்பெற்றோர், அவ்வளவுதான். அப்புறம், எடுத்த படங்களைக் குழுவில் போடாதீர்கள். சாமியாரிடம் கேட்டுவிட்டுப் பகிரலாம்.