முதல் பன்னிரண்டு நிமிடம்

எங்கள் அடுக்ககத்தின் கோடைவிழாக் குழுவினருக்கு,

வணக்கம். மே மாதக் கடைசிச் சனிக்கிழமை மொட்டை மாடியில் திரை கட்டிப் பிள்ளைகளுக்கு 'அப்' (Up) என்ற பிக்ஸார் கம்பெனியின் கார்ட்டூன் படம் போடப்போகிறோம் என்று வாட்ஸ்அப்பில் நீங்கள் போட்டதைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கூடவே இன்னும் இரண்டு வரி இருந்தது. முதல் பன்னிரண்டு நிமிடம் சோகமாக இருப்பதால் அதைத் தள்ளிவிட்டு, தாத்தா தனியாக இருக்கும் காட்சியிலிருந்து போடுவோம் என்பது ஒன்று. பெரியவர்களுக்குப் பின்னால் தனியாக நாற்காலி போடப்படும் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் மாற்றச் சொல்லிக் கேட்கத்தான் எழுதுகிறேன். எல்லா வீட்டுக்காரர்களும் படிக்கட்டும் என்று திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

நீங்கள் தள்ளிவிட நினைக்கும் பகுதியில் என்ன இருக்கிறது? கார்ல், எல்லி என்று இரண்டு பிள்ளைகள் ஒரு பாழடைந்த வீட்டில் சந்திக்கிறார்கள். வளர்ந்து கல்யாணம் செய்துகொண்டு, அதே வீட்டைச் சரிபண்ணிக் குடியேறுகிறார்கள். குழந்தை பிறக்காது என்று தெரிகிறது. தென் அமெரிக்காவில் ஓர் அருவியைப் பார்க்கவேண்டும் என்று ஒரு ஜாடியில் சில்லறை சேர்க்கிறார்கள். கார் டயர் வெடிக்கிறது, ஜாடியை உடைக்கிறார்கள். கால் முறிகிறது, மறுபடி உடைக்கிறார்கள். மரம் விழுந்து கூரை போகிறது, மறுபடியும். குழந்தை பிறக்காது என்று தெரிகிறது. தலை நரைக்கிறது. கார்ல் கடைசியில் டிக்கெட் வாங்கிவிடுகிறார், ஆனால் எல்லி படுக்கையில் விழுந்துவிடுகிறாள். கல்யாணத்துக்குப் பிறகு நடக்கும் இவ்வளவும் நாலரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதில் ஒரு வார்த்தை வசனம் கிடையாது. மைக்கேல் ஜியாச்சினோவின் இசை மட்டும்தான். அந்தப் படத்தின் இசைக்கு ஆஸ்கர் கிடைத்தது.

வசனம் இல்லை என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். நம் செக்யூரிட்டி தம்பியின் இரண்டு பிள்ளைகளும் படம் பார்க்க மாடிக்கு வருவார்கள். அவர்களுக்குத் தமிழே இப்போதுதான் வருகிறது, இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. எதிர் வீட்டு அம்மாவுக்குக் காது மந்தம். இவர்கள் எல்லாரும் பக்கத்தில் இருப்பவரை அர்த்தம் கேட்காமல், மற்றவர்களோடு சமமாக உட்கார்ந்து பார்க்கக்கூடிய இடம் அது. அதையா எடுப்பது?

இன்னொன்றும் இருக்கிறது. இயக்குநர் பீட் டாக்டரும் அவருடைய குழுவும் கார்லைச் சதுரமாக வரைந்திருக்கிறார்கள். தலை சதுரம், கண்ணாடி சதுரம், அவர் உட்காரும் நாற்காலியும் சதுரம். எல்லி வட்டம். அவளுடைய நாற்காலியும் வளைவு வளைவாக இருக்கும். வீட்டில் இரண்டு நாற்காலியும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. அவள் போனபிறகு அந்த வளைந்த நாற்காலி சும்மா கிடக்கிறது. அவளோடு போக நினைத்த அருவிக்குப் போகக் கார்ல் வீட்டிலேயே ஏகப்பட்ட பலூன்களைக் கட்டிப் பறக்கவிடுகிறார். பின்னால் ஒரு கட்டத்தில், இறங்கிவிட்ட வீட்டை மறுபடி கிளப்புவதற்காகக் கார்ல் சாமான்களையெல்லாம் வெளியே தள்ளுகிறார். அந்த இரண்டு நாற்காலிகளை மட்டும் அருவிக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்துவிட்டுக் கிளம்புகிறார். எல்லி அதில் உட்கார்ந்து சிரித்ததைப் பார்க்காத பிள்ளைக்கு அது ஒரு பழைய சாமான், அவ்வளவுதான்.

என் வீட்டிலும் ஒரு நாற்காலி உண்டு. பச்சையும் வெள்ளையுமாக என் மனைவி பின்னிய ஒயர் நாற்காலி. நாம் இப்போது குடியிருக்கும் இந்த இடத்தில் முன்பு எங்கள் தனி வீடு இருந்தது, பலருக்குத் தெரிந்திருக்கும். 2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீர் சைதாப்பேட்டைக்குள் வந்தபோது இடுப்பளவு நின்றது. மொட்டை மாடிக்கு நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடிய நாலைந்து சாமான்களில் அந்த நாற்காலியும் ஒன்று. அடுத்த வருடம் வீட்டைப் பில்டரிடம் கொடுத்தோம். படத்தில் கார்ல் கடைசிவரை கையெழுத்துப் போடுவதில்லை, சுற்றிலும் கட்டடம் எழும்ப அந்தச் சின்ன வீடு மட்டும் நடுவில் நிற்கும். நான் போட்டேன். போடச் சொன்னவள் அவள்தான். "இன்னொரு தடவை தண்ணி வந்தா என்னால மாடி ஏற முடியாதுங்க" என்றாள்.

அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. முதல் ஒரு வருடம் என் பேத்தி பாட்டியைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது, ஏழு வயதுதானே என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, 'தாத்தா முன்னாடி பாட்டி பேச்சை எடுக்காதே, அழுவாரு' என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். குழந்தை அதைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறது.

போன கோடையில் ஒரு மத்தியானம் நாங்கள் இருவரும் இந்தப் படத்தை லேப்டாப்பில் முதலிலிருந்து பார்த்தோம். எல்லி போகும் இடத்தில் நான் அழுதேன். பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு என் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டாள். படம் முடிந்ததும் ஒயர் நாற்காலி பக்கத்தில் போய் நின்றாள்.

"தாத்தா, பாட்டி சேரைத் தூக்க எத்தனை பலூன் வேணும்?"

முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். நோட்டை எடுத்து வரச் சொன்னேன். நாற்காலியை எடை மெஷினில் வைத்தோம், நாலு கிலோ. ஹீலியம் அடைத்த சாதாரணப் பலூன் ஒன்று பத்து கிராம் தூக்கும் என்று வைத்துக்கொண்டோம். ஆக, 400 பலூன்.

"பாட்டி உக்காந்திருந்தா?"

56 கிலோ. கடைசியாக ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது நான்தான் பக்கத்தில் நின்றேன். 'பாட்டி 5,600' என்று அவள் எழுதினாள். மொத்தம் 6,000. வீடு கிளம்பும் காட்சியில் பிக்ஸார்காரர்கள் வரைந்த பலூன்கள் 20,622 என்று படித்திருந்தேன், அதைச் சொன்னேன். கழித்துப் பார்த்துவிட்டு, "அப்ப நமக்கும் இடம் இருக்கு தாத்தா" என்றாள். எனக்கு 6,800, அவளுக்கு 2,100. அப்படியும் 5,722 மிச்சம். படத்தில் வரும் நாயையும் கூட்டிப்போகலாம் என்று முடிவானது. அன்று ராத்திரி தூங்கும்வரை பாட்டி பேச்சுதான். பாட்டி ஏன் அப்பளத்தை இரண்டாக உடைத்துத்தான் போடுவாள், பாட்டிக்கு உயரம் என்றால் பயமா, பலூனில் ஏறச் சொன்னால் ஏறுவாளா. அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.

போன வருடம் இதே குழு 'லயன் கிங்' போட்டது. செத்துப்போன அப்பாவை எழுப்பப் பார்க்கும் சிங்கக்குட்டியை நம் பிள்ளைகள் முழுதாகப் பார்த்தார்கள். அப்போது யாரும் எதையும் தள்ளிவிடவில்லை. எல்லியின் ஆஸ்பத்திரிக் கட்டில் என்றதும் மட்டும் ஏன் கை ரிமோட்டுக்குப் போகிறது? அது நம் வீட்டுக் கட்டில் மாதிரி இருக்கிறது என்பதால்தான் என்று நினைக்கிறேன். பயம் நமக்கு. பெயர் பிள்ளைகளுக்கு.

சாவு மேளம் நம் தெருவில் வாரம் ஒருமுறை கேட்கிறது. ஊர்வலம் போனபிறகு ரோட்டில் கிடக்கும் சாமந்தியையும் ரோஜா இதழையும் மிதிக்காமல் தாண்டித்தான் இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூட வேன் ஏறுகிறார்கள். அமாவாசைக்கு மொட்டை மாடியில் சோறு வைக்கும்போது என் பேத்தி காக்காவிடம் "பாட்டி, இன்னைக்கு வடை இருக்கு, சீக்கிரம் வா" என்று சொல்கிறாள். செத்தவரைக் காக்காவாக்கிக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிற ஊர் நம்முடையது. துக்கத்துக்குள் இப்படி ஒரு விளையாட்டைக் கலந்து வைக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பலூனில் வீடு பறப்பது எனக்கு அந்தக் காக்கா மாதிரிதான் பட்டது. எல்லிக்குக் கொடுத்த வாக்குக்காகப் பறக்கிற வீடு அது. அவளை எடுத்துவிட்டால் வெறும் பலூன்தான் மிஞ்சும்.

இனி நாற்காலி விஷயம். 2015இல் பீட் டாக்டர் எடுத்த 'இன்சைட் அவுட்' படத்தில் ஒரு சிறுமியின் உணர்ச்சிகளே பாத்திரங்களாக வரும். அதில் 'மகிழ்ச்சி' தரையில் ஒரு வட்டம் போட்டு, 'சோகம்' அதைத் தாண்டி வரக்கூடாது என்று சொல்லும். பின்வரிசை என்று படித்ததும் எனக்கு அந்த வட்டம்தான் ஞாபகம் வந்தது. நீங்கள் மரியாதைக்காகவும், முதுகு சாய்த்து உட்காரட்டும் என்றும்தான் போட்டிருப்பீர்கள், தெரியும். ஆனால் கார்லுக்கு வயது 78. அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும் பையன் ரஸ்ஸலுக்கு 8. அந்த எழுபது வருட வித்தியாசத்தை வைத்துத்தான் படமே ஓடுகிறது. கடைசியில் இரண்டு பேரும் பிளாட்பார ஓரத்தில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு, போகிற வருகிற காரை எண்ணிக்கொண்டிருப்பார்கள். அந்தக் காட்சியின்போது நாங்கள் ஒரு பக்கமும் பிள்ளைகள் ஒரு பக்கமும் உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஜமக்காளத்தின் நடுநடுவே நாற்காலிகளைப் போடுங்கள். மறைக்கிறது என்றால் பிள்ளைகள் எங்கள் காலடிக்கு முன்னால் நகர்ந்து கொள்வார்கள். அழுகிற குழந்தையை யார் சமாதானம் செய்வது என்று ஒரு அம்மா குழுவில் கேட்டிருந்தார். நாங்கள் ஆறு பேர் இருக்கிறோம், மடி காலியாகத்தான் இருக்கிறது.

என் நாற்காலியை நானே மாடிக்கு எடுத்து வந்துவிடுகிறேன், பிளாஸ்டிக் நாற்காலி எனக்குத் தனியாக வேண்டாம். நாலு கிலோதான். லிப்டில் கொண்டுவந்துவிடலாம்.

அன்புடன்,
முதல் மாடிக் கணக்கு வாத்தியார்
சைதாப்பேட்டை, சென்னை