அந்த பிஷப்பைத் திட்டாதே, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளை,

செஸ் ஆட்டத்தில் தோற்றுவிட்டு நேற்று ராத்திரி போனில் பொரிந்து தள்ளிவிட்டாய். செமி-ஸ்லாவ் ஓப்பனிங்கே (ஆட்டத் தொடக்க முறை) வேண்டாம், வெள்ளைக் கட்டங்களில் ஓடும் பிஷப் கடைசிவரை தன் தொடக்கக் கட்டமான சி8-ஐ விட்டு அசையவில்லை என்று. சி6, இ6 என்று சிப்பாய்களை வைத்து நீயே கதவைச் சாத்திவிட்டு அதைத் திட்டினால் எப்படி? வேறு ஓப்பனிங்குக்குத் தாவுமுன் ஓர் ஆட்டத்தைக் காய் அடுக்கி ஆடிப் பார். கம்ப்யூட்டர் வேண்டாம்.

2013 ஜனவரி, நெதர்லாந்தில் வைக் ஆன் ஜீ போட்டி, நான்காவது சுற்று. வெள்ளை ஆர்மேனிய கிராண்ட்மாஸ்டர் அரோனியன், கறுப்பு நம்ம ஆனந்த், அப்போதைய உலக சாம்பியன். உன் செமி-ஸ்லாவேதான், மெரான் வகை. சி4-இல் வெட்டி, பி5 தள்ளி, பிஷப்பை பி7-க்குக் கொண்டுவந்து, 12-ஆவது நகர்த்தலில் சி5. கதவு திறந்தது அங்கேதான். நீ ஆடாமல் விட்டதும் அதைத்தான்.

அரோனியன் குதிரையால் எச்7 சிப்பாயை வெட்டினார். ஆனந்த் அதைச் சட்டையே செய்யவில்லை. தன் குதிரையை ஜி4-க்கு விட்டார். அப்புறம் பிஷப்பை சி5-இல் வெட்டுக்கு வைத்தார். அது போதாதென்று இன்னொரு குதிரையை இ5-இல். எஃப்4 சிப்பாயால் அதை எடுத்தால் ராணி டி4-இல் செக், ராஜா மூலைக்குப் போக, ராணி ஜி1-இல் போய் விழும், யானை வெட்டும், குதிரை எஃப்2-இல் மேட்! தன் யானையை வெட்டிய குதிரையைக்கூட எடுக்காமல் எஃப்5 தள்ளினார். இந்த இடத்தில் நான் எழுந்து ஒரு டீ போட்டுக்கொண்டு வந்தேன்.

கடைசி நகர்த்தல் 23, பிஷப் இ3. எச்3-ஐக் காத்த வெள்ளை ராணிக்கும் எச்3-க்கும் நடுவே போய் உட்கார்ந்தது. இனி கறுப்பு ராணி எச்3-இல் வெட்டினால் ஜி2 சிப்பாயால் திருப்பி வெட்ட முடியாது, அது நகர்ந்தால் ராஜாவுக்கே செக். மூலையிலிருக்கும் ராஜாவைக் குறுக்கே பார்த்துக்கொண்டு பி7-இல் நிற்கிறதே, அது யார்? நீ திட்டிய ஆள்தான். அரோனியன் கை கொடுத்துவிட்டார்.

1907-இல் லோட்ஸ் நகரில் அந்தக்கால மாஸ்டர் ரூபின்ஸ்டீன், ரோட்லெவி என்பவரை அடித்த ஆட்டத்திலும் இரண்டு பிஷப்களும் இப்படித்தான் ராஜாவைக் குறி வைத்தன. 1924-இல் இத்தாலியின் மெரானோவில் ஆடி இந்த வகைக்கு அந்த ஊர்ப் பெயர் ஒட்டக் காரணமானவரும் ரூபின்ஸ்டீனே.

சரி, ஞாயிற்றுக்கிழமை வரும்போது தோற்ற ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டைக் கொண்டு வா. சி5-க்கு எந்த நகர்த்தலில் வழி இருந்தது என்று பார்ப்போம். அக்காவிடம் மத்தியானம் இங்கேதான் சாப்பாடு என்று சொல்லிவிடு.

அன்புடன்,
மாமா