பன்னிரண்டு நாளும் பதினேழு வருஷமும்

அன்புள்ள கீதா,

போன ஞாயிறு ஃபோனைப் பாதியில் வைத்துவிட்டேன், மன்னித்துக்கொள். உன்மேல் கோபமில்லை, நீ சொன்னதற்குச் சட்டென்று பதில் வரவில்லை, அவ்வளவுதான். அம்மாவின் முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கைத்தடி பிடித்து நடக்கிறாள். பெரியவள் அடுத்த வாரம் விடுதிக்குக் கிளம்புகிறாள். வீட்டுச் செய்தி இவ்வளவுதான். இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன்.

"ஓட்டுப் போட்டு என்னத்தைக் கண்டோம், நல்ல சி.இ.ஓ. ஒருத்தர் கையில் நாட்டைக் கொடுத்துவிடலாம்" என்றாய். கலிஃபோர்னியாவில் உன் ஆபீஸில் சாப்பாட்டு மேசையில் எல்லாரும் இப்படித்தான் பேசுகிறார்கள் என்றும் சொன்னாய். இது யாரோ அலுப்பில் சொல்லிப் பரவிய பேச்சு இல்லை கீதா. கர்டிஸ் யார்வின் என்ற மென்பொருள்காரர் 2007-லிருந்து மென்சியஸ் மோல்ட்பக் என்ற புனைபெயரில் பக்கம் பக்கமாக எழுதி வளர்த்த கொள்கை. நாடு ஒரு கம்பெனி, அதற்கு ஒரு தலைவர், மக்களுக்கு ஓட்டு வேண்டாம், பிடிக்காவிட்டால் வேறு நாட்டுக்குப் போய்க்கொள்ளலாம். அரசு ஊழியர் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். அவருடைய கம்பெனியில், சிலிக்கான் பள்ளத்தாக்கின் பெரும் பணக்கார முதலீட்டாளர் பீட்டர் தீலின் முதலீட்டு நிறுவனம் பணம் போட்டது.

தீல் 2009-இல் எழுதிய கட்டுரையை நேற்று ராத்திரி மறுபடி படித்தேன். சுதந்திரமும் ஜனநாயகமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்று தனக்கு இனி நம்பிக்கையில்லை என்கிறார். 1920-க்குப் பிறகு அரசு உதவி பெறுவோர் பெருகியதையும் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததையும் சேர்த்துச் சொல்லி, அதனால்தான் முதலாளித்துவ ஜனநாயகம் என்பதே தனக்குத்தானே முரணான சொல்லாகிவிட்டது என்கிறார். பெண்களின் ஓட்டைப் பறிக்கச் சொல்லவில்லை என்று பின்னால் விளக்கம் கொடுத்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீயும் நானும் ஓட்டுப் போடுவதைத் தன் சுதந்திரத்துக்கு வந்த இடைஞ்சலாக ஒருவர் எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறாரே, அது என்னைச் சுட்டது. ராத்திரி தூக்கமே வரவில்லை.

எழுதியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. 2022-இல் இங்கே ஒஹாயோவில் செனட் தேர்தலுக்கு ஜே.டி. வான்ஸ் நின்றபோது, முன்பு தன் முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த அவருக்காக தீல் 1.5 கோடி டாலர் கொடுத்தார். குடியுரிமை வாங்கி நான் போட்ட முதல் ஓட்டு அந்தத் தேர்தலில்தான். அதற்கு முந்தைய வருஷமே வான்ஸ் ஒரு பேட்டியில் யார்வின் பேரைச் சொல்லி, நடுமட்ட அரசு அதிகாரிகள் அத்தனை பேரையும் நீக்கி நம் ஆட்களை வைக்க வேண்டும் என்று பேசியிருந்தார். 2025 ஜனவரியில் அவர் துணை ஜனாதிபதி. அடுத்த மாதமே அந்த அரசு, அணு ஆயுதங்களைப் பராமரிக்கும் அமைப்பில் ஆட்களை நீக்கிவிட்டு, சில நாளில் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. கம்பெனி மாதிரி நடத்துவது என்றால் இதுதான் என்றால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

2024-இல் இன்னொன்று நடந்தது. செனட் வங்கிக் குழுவின் தலைவராக இருந்து, கிரிப்டோ என்ற டிஜிட்டல் நாணயத்தை விமர்சித்துவந்த எங்கள் ஒஹாயோ செனட்டர் ஷெராட் பிரவுனைத் தோற்கடிக்க, கிரிப்டோ நிறுவனங்களின் பணம் 4 கோடி டாலர் இங்கே இறங்கியது. டிவியைப் போட்டால் விளம்பரம், ஆனால் கிரிப்டோ என்ற சொல்லே அதில் கிடையாது. அவர் தோற்றார். பணம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், அந்த வருஷம் காற்றே குடியரசுக் கட்சிப் பக்கம்தான் அடித்தது. ஆனால் என்ன விஷயத்துக்காகத் தன்னிடம் ஓட்டுக் கேட்கிறார்கள் என்றுகூட வாக்காளருக்குச் சொல்லவில்லையே.

சி.இ.ஓ. சரியில்லையென்றால் இயக்குநர் குழு நீக்கிவிடும் என்கிறார் யார்வின். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனம் மெட்டாவையே பார். அதன் சி.இ.ஓ. சுக்கர்பெர்க் வைத்திருக்கும் பங்கு கொஞ்சம்தான், ஆனால் அந்த வகைப் பங்கு ஒன்றுக்கு 10 வாக்கு, அதனால் மொத்த வாக்கில் பாதிக்கு மேல் அவர் கையில். மற்ற பங்குதாரர் எல்லாரும் ஒன்று சேர்ந்தாலும் அவரை அசைக்க முடியாது. கம்பெனிக்குள்ளேயே முடியாதது ராணுவமும் சிறையும் கையில் இருக்கும் ஒருவரிடம் எப்படி முடியும்?

அப்புறம் அந்த "பிடிக்காவிட்டால் வேறு நாடு". எனக்குப் பதில் வராமல் போனது இங்கேதான், இரண்டு நாள் யோசித்த பிறகுதான் பிடிபட்டது. நான் 2004-இல் வந்தேன். கிரீன் கார்டு கைக்கு வர 12 வருஷம், குடியுரிமைக்கு இன்னும் 5. அந்த வரிசையில் நின்றபடியே அப்பாவின் காரியத்துக்குப் போக முடியாமல் இந்தச் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன், உனக்குத் தெரியும். தீலுக்கு 2011-இல் நியூசிலாந்து குடியுரிமை கிடைத்தது. அந்த நாட்டில் அதுவரை அவர் தங்கியது மொத்தம் 12 நாள். சாதாரண ஆளுக்கு 5 வருஷத்தில் 1,350 நாள் வேண்டும். பிடிக்காத இடத்தைவிட்டுக் கிளம்புவது அவரைப் போன்றவர்களுக்கு இருக்கும் உரிமை. கிளம்ப முடியாத நமக்கு, இருக்கிற இடத்திலேயே நின்று வேண்டாம் என்று சொல்ல ஓட்டைவிட்டால் வேறென்ன இருக்கிறது?

மத்திய அமெரிக்காவில் இருக்கும் ஹோண்டுராஸிலும் இதைத்தான் பார்க்கிறேன். ரோவாட்டான் தீவில் புரோஸ்பெரா என்று கம்பெனி நடத்தும் ஒரு தனி நகரம். தீல் ஆதரவு பெற்ற ஒரு முதலீட்டு நிதியும் அதில் முதலீடு செய்திருக்கிறது. அதற்கு இடம் கொடுத்த சட்டத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் 2022-இல் ரத்து செய்தது. அந்த வருஷக் கடைசியில் கம்பெனி கிட்டத்தட்ட 1,080 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. நாட்டின் ஒரு வருஷ உற்பத்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது.

ஓட்டுக்குப் பலனே இல்லை என்று மட்டும் சொல்லாதே. 2025 ஏப்ரலில் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியை மக்களே தேர்ந்தெடுக்கும் தேர்தலில் எலான் மஸ்க்கும் அவர் சார்ந்த குழுக்களும் 2 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார்கள், அவரே நேரில் வந்து இரண்டு பேருக்குப் பத்துப் பத்து லட்சம் டாலருக்குக் காசோலை கொடுத்தார். அவர் ஆதரித்தவர் சுமார் 10 சதவீத வாக்கு வித்தியாசத்தில் தோற்றார்.

நீ கிரீன் கார்டு வாங்கி ஆறு வருஷம் ஆகிறது, குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் அந்த என்-400 படிவம் இன்னும் உன் மேஜை டிராயரில்தானே இருக்கிறது? சனிக்கிழமை காலை கூப்பிடுகிறேன், பயணத் தேதிகளையெல்லாம் எடுத்து வை, ஃபோனிலேயே உட்கார்ந்து நிரப்பிவிடலாம். பத்து மணிக்கு மேல் என்றால் எனக்குச் சௌகரியம்.

உன்
மல்லிகா