மடுமுழுங்கியும் வேணும், சப்-1ம் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல பாரம்பரிய விதை பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். எழுதுனவரோட அக்கறை புரியுது, அதுல எனக்கு சண்டை கிடையாது. ஆனா கலப்பு ரகம், வீரிய ஒட்டு, மரபணு மாத்துன பயிர்னு எல்லாத்தையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டி, எல்லாமே விஷம், நாட்டு ரகம் ஒண்ணுதான் நல்லதுன்னு முடிச்சிட்டாரு பாருங்க, அத அப்படியே விட மனசு வரல. நான் சீர்காழி பக்கம் பதினஞ்சு மா (சுமாரா அஞ்சு ஏக்கர்) சம்பா பண்றவன், என் வயல்ல என் கண்ணால பாத்தத எழுதுறேன்.

2022 நவம்பர் 11ஆம் தேதி சீர்காழில ஒரே நாள்ல 44 சென்டிமீட்டர் மழை கொட்டுனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். விடிஞ்சு போயி பாத்தா வரப்பு எது வாய்க்கா எதுன்னே தெரியல, ஒரே வெள்ளக்காடு. அந்த வருஷம் பன்னெண்டு மா ஆந்திரா பொன்னி நெல்லு போட்டுருந்தேன், பள்ளமா கெடந்த மூணு மாவுல மட்டும் வெள்ளம் தாங்குற சி.ஆர் 1009 சப்-1ங்குற ரகம். அதுவும் சொந்தக்காரரு ஒருத்தரு சொல்லித்தான் போட்டது. ஒம்போது நாள் தண்ணி நின்னுச்சு. வடிஞ்ச அன்னிக்கு எறங்கிப் பாத்தேன், பொன்னி வெளிறிப்போயி நீட்டமா வளந்து சேத்துல படுத்துக் கெடக்குது, கையில புடிச்சா குருத்து அப்படியே உருவிக்கிட்டு வருது, அழுகுன வாடை. சப்-1லயும் எலையெல்லாம் போச்சு, இல்லன்னு சொல்லல, ஆனா தூர புடுங்கி நகத்தால கீறிப் பாத்தா அடிக்குருத்து வெள்ளையா கெட்டியா இருந்துச்சு. பத்து பன்னெண்டு நாள்ல பச்சப்பசேல்னு புது எலை விட்டுருச்சு. அந்த மூணு மாவுல வந்த நெல்லுதான் அந்த வருஷம் எங்க வீட்டுக்கு சோறு.

இது ஏன்னு அப்புறம் தேடித்தேடி தெரிஞ்சுக்கிட்டேன். சாதாரண நெல்லு தண்ணிக்குள்ள முங்குனா, எப்புடியாவது மேல வந்து மூச்சு விடணும்னு வேகமா நீளும், அதுலயே தன்கிட்ட இருக்குற சத்த எல்லாம் செலவழிச்சிரும், தண்ணி வடியும்போது நிக்கத் தெம்பில்லாம சாஞ்சிரும். சப்-1 உள்ள நெல்லு அப்படி ஓடாது. வளர்ச்சிய நிறுத்திட்டு, சத்த உள்ளயே அடக்கி வச்சுக்கிட்டு, மூச்ச புடிச்சிட்டு கெடக்கும். ரெண்டு வாரம் வரைக்கும் தாங்கும்னு சொல்றாங்க.

சரி, இந்த குணம் எங்கேருந்து வந்துச்சு? இததான் கட்டுரை எழுதுனவரு கவனிக்கணும்னு கேட்டுக்குறேன். ஒடிசா பக்கத்து விவசாயிங்க காலங்காலமா வெள்ளத்துல போட்டு வளத்த நாட்டு நெல்லுலேருந்து பொறுக்கி எடுத்த எஃப்.ஆர் 13ஏங்குற ரகத்துலேருந்து வந்துச்சு. அது வெள்ளத்த தாங்கும், ஆனா மாசூல் கம்மி. பழைய முறையில அத நல்ல ரகத்தோட கலந்து பாத்தாங்க, வெள்ளம் தாங்குற குணத்தோட வேண்டாத குணமும் சேந்தே வந்துச்சு, விவசாயி கையில அது நிக்கல. 2006ல அந்த குணத்துக்கு காரணமான ஜீன், அதாவது மரபணு, எதுன்னு சரியா கண்டுபுடிச்சு வெளியிட்டாங்க, சப்-1ங்குறது அதோட பேருதான். நாத்துலேருந்து ஒரு துணுக்கு எலைய கிள்ளி டெஸ்ட் பண்ணா அந்த ஜீன் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிரும், ஒவ்வொரு தடவையும் தண்ணில முக்கி வச்சு பாக்கணும்னு இல்ல. அப்படி இருக்குற செடிய மட்டும் எடுத்து எடுத்து சொர்ணா ரகத்தோடவே திரும்பத் திரும்ப கலந்து, 2009ல சொர்ணா சப்-1 வந்துச்சு. அதே வழியிலதான் நம்ம டெல்டாவுக்கு சி.ஆர் 1009 சப்-1. நெல்லுக்கும் நெல்லுக்கும் நடந்த கலப்பு சார் இது, வேற உயிர்லேருந்து எதையும் கொண்டாந்து உள்ள வைக்கல. இதையும் மரபணு மாத்துன பயிரையும் ஒண்ணுன்னு எழுதுனா படிக்கிற விவசாயி பயந்து நல்ல விதைய விட்டுருவான்.

ஒரு தடவ ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு எங்கள கூட்டிட்டுப் போனாங்க. அங்க சாயந்தரத்துல ஒரு அம்மா உக்காந்து பூக்கப் போற கதிர்ல ஒவ்வொரு நெல்லு நுனியையும் கத்தரியால வெட்டி, உள்ள இருக்குற ஆறு மகரந்தப்பையையும் இடுக்கியால எடுத்துட்டு, மேல பேப்பர் பையப் போட்டு மூடுனாங்க. மறுநாள் காலைல வேற ரகத்து பூ விரியும்போது அந்தத் தூள இதுல உதறுவாங்களாம். அதுல காய்க்கிறது கைப்பிடி விதைகூட தேறாது, அதுலேருந்து பொறுக்கிப் பொறுக்கி ஒரு ரகம் வெளிய வர எட்டு பத்து வருஷம் ஆயிரும்னு சொன்னாங்க. எனக்கு எங்க அப்பாயி ஞாபகம் வந்துருச்சு. அறுப்புக்கு முன்னாடி அப்பாயி தனியா வயல்ல எறங்கி, கலவன் இல்லாத, நல்லா தூர் கட்டுன, நோவு விழாத தூர்லேருந்து மட்டும் கதிர் பொறுக்கி கட்டு கட்டி வச்சுக்கும். வேற யாரையும் கிட்ட விடாது. அதுவும் இதும் ஒரே வேலைதான், ஒருத்தர் கண்ண நம்பி பண்ணாங்க, இன்னொருத்தர் கண்ணோட சேத்து கருவியும் வச்சுக்கிட்டாங்க.

அப்போ நாட்டு ரகம் வேண்டாமான்னா, அதுக்குத்தான் வர்றேன். அந்த ஒடிசாக்காரங்க அந்த நெல்ல விட்டிருந்தா இன்னிக்கு என் மூணு மா பொழைச்சிருக்காது. மடுமுழுங்கின்னு நம்மூர்லயே ஒண்ணு உண்டு, தண்ணி ஏற ஏற தானும் ஏறும்னு அப்பாயி சொல்லும். உப்பு மண்ணுக்கு களர்பாலை, குழியடிச்சான். இதுல என்னென்ன குணம் ஒளிஞ்சிருக்கோ, நாளைக்கு எது தேவப்படுமோ யாருக்குத் தெரியும். நெல் ஜெயராமன் அய்யா 174 ரகத்த மீட்டெடுத்து வச்சிட்டுப் போனாரு, அந்த உழைப்ப கையெடுத்து கும்புடுறேன். ஆனா அத புது ரகத்த அடிக்கிற கம்பா பயன்படுத்தாதீங்கன்னுதான் சொல்றேன்.

மாட்டுல நாம பண்ண தப்ப நெல்லுல பண்ணிறக் கூடாது. எங்க அப்பா வச்சிருந்தது உம்பளச்சேரி, தெக்கத்தி மாடுன்னு சொல்லுவோம். கன்னு போடும்போது செவப்பா இருக்கும், ஆறேழு மாசத்துல சாம்ப நிறத்துக்கு மாறிரும், நெத்தியில வெள்ளப் பொட்டு. முழங்கால் சேத்துல நாள் பூரா ஏர் இழுக்கும். பால் என்னவோ ரெண்டு லிட்டர தாண்டாது. சினை ஊசி வந்தப்ப காளை விந்து வச்சிருந்த கேன்ல இருந்தது ஜெர்சி, அதத்தான் போட்டாங்க, அப்பாவும் சந்தோசமாத்தான் போட்டாரு. அந்தக் கலப்பு மாட்டுப் பால்லதான் என் தங்கச்சி காலேஜ் படிச்சா, அத நான் மறக்கல. ஆனா அதோட கன்னுக்கும் ஜெர்சி, அதோட கன்னுக்கும் ஜெர்சின்னு போட்டதுல இப்ப வீட்டுல நிக்கிற மாடு சித்திர வெயில்ல நாக்க தொங்கப் போட்டு இரைக்குது, தாய் வரிசையே எங்க வீட்டுல இல்லாம போச்சு. திரும்ப உம்பளச்சேரி கன்னு வேணும்னு அலைஞ்சப்ப, ஊசி போட வந்தவரு அந்த இனத்து விந்து குச்சி (ஸ்ட்ரா) கைவசம் இல்லன்னுட்டாரு. மாடு காளைக்கு கத்துனா அன்னிக்கே போட்டாகணும், விட்டா இன்னும் 21 நாள் காத்திருக்கணும், அதுனால இருக்குறத போட்டுட்டேன். ஊசிய குத்தம் சொல்லல. கொருக்கைல உம்பளச்சேரிக்குன்னே அரசு பண்ணை இருக்கு. எங்க மாட்டுக்கு எந்த இனம்னு கேட்டுப் போடுற நெலமை வரணும்.

2025 மே மாசம் ஜீன் எடிட்டிங் பண்ண, அதாவது நெல்லோட சொந்த ஜீன்லயே திருத்தம் பண்ண ரெண்டு நெல் ரகத்த மத்திய அரசு அறிவிச்சுச்சு, அதுல ஒண்ணு இந்த ஆந்திரா பொன்னிலேருந்தே வந்தது. நல்லதா கெட்டதான்னு இப்பவே கத்த நான் தயாரில்ல. என் கேள்வி ஒண்ணே ஒண்ணு, அந்த விதைய நான் அறுத்து மறுவருஷம் எடுத்து வெதைக்கலாமா, அண்ணன் தம்பிக்கு ஒரு மரக்கா குடுக்கலாமா? பத்திரிகைக்காரங்க நீங்க இத கேட்டு எழுதுங்க சார்.

சப்-1 வெதைய ஆடி மாசம் நாத்து விடுறதுக்கு முன்னாடி கையில குடுங்க, புரட்டாசில வந்து பிரயோஜனம் இல்ல. மடுமுழுங்கி, களர்பாலை மாதிரி ரகங்கள குளிர் ரூம்ல பூட்டுனது போதும்னு விடாம அரசு விதைப்பண்ணையில வருஷா வருஷம் கொஞ்சம் நெலத்துல போட்டு எடுங்க. ஊசி கேன்ல உம்பளச்சேரிக்கும் ஒரு எடம் ஒதுக்குங்க. இத உங்க பக்கத்துல போட்டீங்கன்னா அதிகாரிங்க கண்ணுல படும்.

இந்த சம்பாவுக்கு ஒரு மாவுல மடுமுழுங்கி நட்டுருக்கேன், அதுக்கு அடுத்த வரப்புலயே சப்-1. தை மாசம் அறுப்புக்கு முன்னாடி அப்பாயி மாதிரி நானே எறங்கி கதிர் பொறுக்கணும்.

இப்படிக்கு,
சீர்காழி வட்டாரத்து விவசாயி