“எங்கே?” என்றும் கேட்டிருக்கலாம்: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கைக்கு,

உன் மின்னஞ்சலும் அட்டவணையும் கிடைத்தன. நாடுகளை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி, “எச்.ஐ.வி. பரிசோதனை எங்கே செய்துகொள்ளலாம் என்று தெரிந்த பெண்கள், சதவீதம்” என்ற ஒரு பத்தியை மட்டும் மஞ்சள் நிறத்தில் காட்டியிருந்தாய். “மேலே இருக்கிற நாடுகளில் பெண்களுக்கு விழிப்புணர்வு நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடலாமா அக்கா?” என்று கேட்டிருந்தாய்.

எழுதாதே என்று ஒரு சொல்லில் முடித்திருப்பேன். ஆனால் அந்த எண்ணுக்காக வீடு வீடாகப் படியேறி இறங்கியவள் நான். அது எப்படிப் பிறக்கிறது என்று தெரியாமல் நீ அதை வைத்து ஒரு ஆய்வேடு எழுதுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இதே கேள்வி வேறு சிலருக்கும் இருக்கும் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

உன் அட்டவணையில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு கணக்கெடுப்புகளிலிருந்து வந்தவை. ஒன்று 1984-இல் அமெரிக்க அரசின் நிதியோடு தொடங்கிய மக்கள்தொகை சுகாதார ஆய்வு, டி.எச்.எஸ். மற்றது 1995-இலிருந்து யுனிசெஃப் நடத்திவரும் மிக்ஸ். இரண்டிலும் முதலில் நாடு முழுவதிலுமிருந்து சிறு சிறு பகுதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு அந்தப் பகுதிகளில் வீடுகளைப் பட்டியலிட்டு, சில வீடுகளை எடுப்பார்கள். அந்த வீட்டில் உள்ள 15 முதல் 49 வயது வரையிலான பெண்களிடம் பேசுவோம். பிரசவம், குழந்தைகள், கருத்தடை என்று எல்லாம் பேசிக் களைத்த பிறகுதான் எச்.ஐ.வி. பகுதி வரும். கேட்பவளுக்கும் பதில் சொல்பவளுக்கும் அலுப்புத் தட்டியிருக்கும் நேரம் அது. அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும்.

அந்தப் பகுதியின் முதல் கேள்வி, எச்.ஐ.வி. அல்லது எய்ட்ஸ் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா என்பது. இல்லை என்றால் அத்தோடு பகுதி முடிந்துவிடும். அந்தப் பெண்ணிடம் பரிசோதனை இடம் பற்றிக் கேட்கவே மாட்டோம். அப்படியானால் அவள் கணக்கில் எங்கே போகிறாள்? நீ முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். எளிய உதாரணம் ஒன்று சொல்கிறேன், இது நானே போட்ட கணக்கு. 1000 பெண்களில் 700 பேர்தான் எச்.ஐ.வி. பற்றிக் கேள்விப்பட்டவர்கள். அவர்களில் 490 பேருக்கு இடம் தெரியும். எல்லாப் பெண்களையும் வைத்து வகுத்தால் 49 சதவீதம். கேள்விப்பட்டவர்களை மட்டும் வைத்து வகுத்தால் 70 சதவீதம். அதே ஊர், அதே பெண்கள். பெயரே கேள்விப்படாத 300 பேரும் கீழே வகுக்கும் எண்ணில் இருந்தாக வேண்டும், அவர்களுக்கும் இடம் தெரியாதுதானே? அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் “யாரில் எத்தனை பேர்” என்று போட்டிருப்பார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் அதைப் படித்துவிட்டு வா. படிக்காமல் அடுக்கிய வரிசை எனக்கு வேண்டாம்.

அடுத்தது கேள்விகளின் வரிசை. கடந்த 2 ஆண்டுகளில் குழந்தை பெற்றவர்களிடம், கர்ப்பகாலச் செக்கப்பின்போது எச்.ஐ.வி. பரிசோதனை செய்தார்களா என்று மிக்ஸில் கேட்போம். மற்றவர்களிடம், எப்போதாவது பரிசோதனை செய்துகொண்டதுண்டா என்று கேட்போம். இந்தக் கேள்விகளுக்கு முன்னால் எல்லாம் “முடிவு என்னவென்று எனக்குத் தெரிய வேண்டாம், ஆனால்” என்ற முன்வாக்கியம் அச்சிட்டே இருக்கும். அதை விழுங்காமல், அவள் முகத்தைப் பார்த்து, நிறுத்திச் சொல்லச் சொல்லிப் பயிற்சியில் பழக்குவார்கள். சரியாகச் சொன்னால் அந்தப் பெண்ணின் தோள் தளர்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

பரிசோதனை செய்துகொண்டதே இல்லை என்பவளிடம்தான் இடம் தெரியுமா என்ற கேள்வி போகும். செய்துகொண்டவளிடம் அதைக் கேட்பதில்லை. செய்துகொண்டாளே, இடம் தெரியாமலா இருக்கும் என்று அவளை “தெரியும்” கணக்கில் சேர்த்துவிடுவார்கள். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் யோசித்துப் பார். கர்ப்பமாக இருந்தபோது மற்ற ரத்தப் பரிசோதனைகளோடு சேர்த்து இதையும் எடுத்தார்கள். அவள் தேடிப் போகவில்லை, கேட்கவும் இல்லை. நாளைக்கு அவளுடைய தங்கைக்கோ தோழிக்கோ ஒரு பயம் வந்தால், கர்ப்பமில்லாத ஒரு பெண் எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லத் தெரியுமா? தெரியலாம், தெரியாமலும் போகலாம். அந்த எண்ணுக்குள் இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

ஆகவே, கர்ப்பிணிகள் எல்லோருக்கும் பரிசோதனை என்ற திட்டம் நன்றாக ஓடும் நாட்டில் இந்தச் சதவீதம் தானாக ஏறும். அந்தத் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. தாய்க்குத் தொற்று இருந்து எந்தச் சிகிச்சையும் இல்லாவிட்டால் குழந்தைக்குப் போக 15 முதல் 45 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு. உரிய சிகிச்சை கிடைத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். இதைவிடப் பெரிய காரியம் மருத்துவத்தில் அதிகம் இல்லை. ஆனால் திட்டம் நன்றாக ஓடுவது ஒன்று, பெண்களுக்கு வழி தெரிந்திருப்பது வேறொன்று. நீ விழிப்புணர்வு என்று எழுதப்போவது இரண்டாவதைப் பற்றி.

இனி அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: “எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ள மக்கள் போகக்கூடிய இடம் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?”

“மக்கள்” என்ற அந்த ஒரு சொல்லைப் பார். “நீங்கள் போகக்கூடிய” என்று கேட்கவில்லை. உனக்கு அந்தத் தேவை இருக்கிறதா என்ற சாடை சிறிதும் விழாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் “மக்கள்” என்று நான் நினைக்கிறேன், அதில் கரிசனம் இருக்கிறது. ஆனால் அதனாலேயே கேள்வி அவளை விட்டு நழுவி ஊரைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. ஊருக்கு வெளியே எங்கோ பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே எல்லாம் பார்ப்பார்கள் என்று எவருக்கும் தெரியும். அங்கே போக யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், எத்தனை மணி நேரம் ஆகும், வரிசையில் நிற்கும்போது தெரிந்தவர்கள் பார்த்தால் என்ன சொல்வது, இதெல்லாம் “ஆமாம்” என்ற பதிலுக்கு வெளியே நிற்கின்றன.

டி.எச்.எஸ். முந்தைய சுற்றுகளில் இதற்கு அடுத்த கேள்வியாக “அது எங்கே? வேறு எங்காவது?” என்று கேட்டு, அரசு மருத்துவமனையா, தனியாரா, நடமாடும் முகாமா என்று குறித்துக்கொள்வார்கள். மிக்ஸில் ஆமாம், இல்லை என்பதோடு சரி. “எங்கே” என்று கேட்கும் அந்த அரை நிமிடத்தில் எத்தனை “ஆமாம்” உதிர்ந்துவிடும் தெரியுமா?

ஒரு வீடு எனக்கு மறக்கவில்லை. இருபது வயதைத் தாண்டாத பெண். கைக்குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கேள்விக்குக் கொஞ்சமும் யோசிக்காமல் “தெரியும்” என்றாள். குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனேன். எல்லாம் முடிந்து நன்றி சொல்லி, டேப்லெட்டைப் பைக்குள் வைத்து, செருப்பை மாட்டும்போது வாசல் வரை வந்தாள். குரலைத் தாழ்த்தி, “அந்த டெஸ்ட் எங்கே எடுப்பாங்க?” என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. தெரியாது என்று சொல்ல அவளுக்குக் கூச்சம். படித்த ஒருத்தி வீடு தேடி வந்து கேட்கும்போது தெரியாது, தெரியாது என்று எத்தனை முறைதான் சொல்வது? நேர்காணல் நடக்கும்போது சரியான பதிலைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது எங்களுக்கு விதி. முடிந்த பிறகு சொல்லலாம். சொன்னேன். இடம், வழி, காலையில் போனால் நல்லது என்பதுவரை சொன்னேன். ஆனால் பதிவில் அவள் “தெரியும்” என்றுதான் இருக்கிறாள்.

இதற்கு நேர்மாறும் நடக்கும். மாமியார் கதவருகில் கீரை ஆய்ந்துகொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் நன்றாகத் தெரிந்தவளும் “எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க” என்பாள். தனிமை இல்லாவிட்டால் நிறுத்து, இன்னொரு நாள் வா என்பதுதான் விதி. ஒரே அறை உள்ள வீட்டில் தனிமைக்கு எங்கே போவது? இந்தப் பொய்த் “தெரியாது”வும் அந்தப் பொய்த் “தெரியும்”மும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. இரண்டும் வெவ்வேறு பெண்கள் சொல்வது.

“இடம்” என்ற சொல்லுக்கே இப்போது பொருள் மாறிவிட்டது என்பதையும் கவனி. 2016 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் சுயபரிசோதனையைப் பரிந்துரைத்தது. கிட் ஒன்றை வாங்கி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். மிக்ஸின் ஆறாவது சுற்றில் அந்தக் கிட் பற்றித் தனியாகக் கேட்கிறார்கள், உன் மஞ்சள் பத்தியில் அது வராது. அதே சுற்றில்தான் “எய்ட்ஸ் வைரஸ்” என்ற பழைய சொல்லை எடுத்துவிட்டு “எச்.ஐ.வி.” என்று போட்டார்கள். ஒரே நாட்டின் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைக்கும்போது, கேள்வியின் சொல்லும் மாறியிருக்கிறது என்று ஒரு வரி எழுது.

உனக்குத் தெரிந்திருக்காத ஒன்றைச் சொல்கிறேன். 2001-இல் மாலி நாட்டிலிருந்து டி.எச்.எஸ். ஆய்வுகளில் ரத்தமும் எடுக்கத் தொடங்கினார்கள். விரல் நுனியில் குத்தி, சில சொட்டுகளை வடிதாள் அட்டையில் ஒற்றி, பெயர் போடாமல் பார்கோடு மட்டும் ஒட்டி ஆய்வகத்துக்கு அனுப்புவது. நாட்டில் எவ்வளவு பேருக்குத் தொற்று என்ற மதிப்பீடு அதனால்தான் தெளிவானது. ஆனால் பெயரே இல்லாததால் ரத்தம் கொடுத்த பெண்ணுக்கு முடிவைச் சொல்ல வழியில்லை. அதற்குப் பதிலாக, எங்கே போனால் இலவசமாகப் பரிசோதிக்கலாம் என்ற தகவலைக் கையில் கொடுத்துவிட்டு வருவார்கள். இடம் தெரியுமா என்று கேட்ட அதே குழு, போகும்போது இடத்தைச் சொல்லிவிட்டுப் போனது. 2014-இல் தொடங்கிய ஃபியா என்ற எச்.ஐ.வி. ஆய்வுத் திட்டம் ஆப்பிரிக்க நாடுகளில் நடத்திய ஆய்வுகளில்தான் வீட்டிலேயே பரிசோதித்து முடிவையும் சொல்லும் ஏற்பாடு பெரிய அளவில் வந்தது. அந்த மாற்றத்துக்காக நான் மனதாரச் சந்தோஷப்பட்டேன்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு இந்த எண்ணே வேண்டாம் என்கிறேனா? ஒருபோதும் இல்லை. 2024 முடிவில் உலகில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் 4 கோடியே 8 லட்சம் பேர் என்பது ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யுஎன்எய்ட்ஸின் மதிப்பீடு. அவர்களில் 53 சதவீதம் பெண்களும் சிறுமிகளும். மொத்தத்தில் 87 சதவீதம் பேருக்குத் தங்கள் நிலை தெரியும். மீதி ஏறக்குறைய 53 லட்சம் பேருக்குத் தெரியாது. அந்த 53 லட்சம் பேரில் ஒருத்தி பரிசோதனைக்குப் போக வேண்டுமானால், போகும் இடம் முதலில் தெரிந்திருக்க வேண்டும். அதை நாடு நாடாகக் கேட்டு எழுதிவைக்க இந்தக் கணக்கெடுப்புகளை விட்டால் நமக்கு வேறு நாதி இல்லை. 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு நிதியை நிறுத்தியதும் டி.எச்.எஸ். பணிகள் அப்படியே நின்றன. பிறகு வேறு நிதியால் சிலவற்றைத் தொடர முடிந்தது. நாற்பது ஆண்டு வேலை அது. அந்தச் செய்தி வந்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே எண்ணைத் தூக்கி எறியாதே, பிரித்துப் பார். முதலில் 15 முதல் 19 வயதுக்காரிகளைத் தனியே எடு. அவர்களிலும் ஒருமுறைகூடக் கர்ப்பமாகாதவர்களை எடு. கர்ப்பகாலப் பரிசோதனை தூக்கிவிடாத எண் அதுதான். உன் வரிசையில் மேலே இருக்கும் நாடுகளில் சில அங்கே சட்டென்று கீழே இறங்கினால் ஆச்சரியப்படாதே. பிறகு, இடம் தெரியும் ஆனால் பரிசோதனை செய்துகொண்டதில்லை என்பவர்களை எண்ணு. அவர்கள் சொன்னது உண்மையானால், அவர்களைத் தடுத்தது இடம் தெரியாமையாக இருக்க முடியாது. இப்படிப் பிரிக்கும்போது பெண்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். அச்சிட்ட அறிக்கைகளில் 25 முதல் 49 பேர் மட்டும் இருந்தால் சதவீதத்தை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள், 25-க்கும் கீழே என்றால் எண்ணே தராமல் நட்சத்திரம் போடுவார்கள். அந்த ஒழுக்கத்தை நீயும் கடைப்பிடி.

தர வரிசை வேண்டாம். அந்த வாக்கியத்தை இப்படி எழுதலாம்: “15–49 வயதுப் பெண்களில் இத்தனை சதவீதம் பேர் பரிசோதனை செய்துகொண்டவர்கள் அல்லது பரிசோதனைக்கான ஓர் இடம் தெரியும் என்று கூறியவர்கள்.” நீளம்தான். வழிகாட்டி சுருக்கச் சொன்னாலும் “கூறியவர்கள்” என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதே.

பதினைந்து முதல் பத்தொன்பது வரையிலான அட்டவணை தயாரானதும் அனுப்பு, இரவு எத்தனை மணியானாலும் பரவாயில்லை. கேள்வித்தாளின் உள்ளூர் மொழிபெயர்ப்பு கிடைத்தால் அதையும் சேர்த்து அனுப்பு. “மக்கள்” என்ற இடத்தில் அவர்கள் என்ன சொல் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா